நிற்கிறவர்களுக்கு முற்போக்கு அரசியல் என்ன தந்தது?

வாசகர் கேள்வி: 2025 மே 2, காலை 8.15

நேற்று மே தினம். எங்கு பார்த்தாலும் கொடி, கூட்டம், வாழ்த்து. எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். முற்போக்கு அரசியல் என்பது மாதச் சம்பளம் வாங்கி நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்கள் பேசுகிற பேச்சாகவே இருக்கிறது. அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர் கைக்கு அதிலிருந்து என்ன வந்து சேர்ந்தது? கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2025 மே 2, இரவு 11.05

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை. பதினான்கு வருடமாக நிற்கிறேன். வந்து சேர்ந்தது என்ன என்று கேட்டால், ஒரு ஸ்டூல். அதுவும் முழுசாக வரவில்லை. நாளை எழுதுகிறேன், கால் கடுக்கிறது.

2025 மே 4, ஞாயிறு, அதிகாலை

கடைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

2011ல் பத்தொன்பது வயதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தி.நகருக்குப் போனேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள். தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, மாசம் ஒரு சம்பளம். வீட்டில் அதுவே பெரிய விஷயம். ஒரு அறைக்குப் பதினாறு பேர், வரிசையாகப் பாய். காலை ஒன்பதரைக்கு செக்‌ஷனில் நின்றால் இரவு ஒன்பதரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில்தான் மெஸ் இருக்கும் மாடிக்கு ஏறி இறங்க வேண்டும்.

உட்காரக்கூடாது என்று எங்கேயும் எழுதிப் போடவில்லை. சாய்ந்தாலே கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிடுவார்கள். என்னோடு நின்ற ஓர் அக்காவுக்கு முட்டிக்குப் பின்னால் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சைப் புழு மாதிரி தெரியும். ராத்திரி சுவரில் காலை உயரத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். கொஞ்ச நாளில் நாங்கள் எல்லோருமே அப்படித் தூங்கப் பழகிக்கொண்டோம். விளக்கை அணைத்தால் இருட்டில் சுவர் ஓரமாக முப்பது கால் மேலே நிற்கும்.

தண்ணீர் குடிக்கமாட்டோம். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அதற்கு சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், ஆண் சூப்பர்வைசர். நீர்க்கடுப்பு வராத பிள்ளை எங்கள் அறையில் கிடையாது. அந்த வயதில் அரசியல் என்றால் எனக்கு ஓட்டு, கொடி, மைக் அவ்வளவுதான். மூத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

2025 மே 4, இரவு

காலையில் விட்டதைத் தொடர்கிறேன்.

2017ல் ஊருக்குத் திரும்பி, இப்போது திருநெல்வேலியில் வேறொரு கடையில் இருக்கிறேன். 2021 செப்டம்பரில் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று 1947ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் 22-ஏ என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்றார்கள். இதற்கு மூன்று வருடம் முன்னாலேயே, 2018ல், கேரளத்தில் இது சட்டமாகிவிட்டது. அங்கே அதைச் சும்மா கொடுத்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண், கடைப் பெண்களைச் சேர்த்து, முதலில் கழிப்பறைக்காகப் போராடினார். அதிலிருந்துதான் உட்காரும் உரிமைக்கு வந்தார்கள். திருச்சூரில் ஒரு சேலைக் கடைப் பெண்கள் 2014 கடைசியில் தொடங்கிய போராட்டத்துக்கு 'இரிக்கல் சமரம்' என்றே பெயர். இருக்கை கேட்டு நடந்த சமரம். கழிப்பறையில் தொடங்கியது என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் பதினாறு பேர் அறையில் நடந்த கதைதானே அது, நாங்கள் சமரம் என்று பெயர் வைக்கத் தெரியாமல் இருந்துவிட்டோம்.

அதனால் கேள்வி கேட்டவருக்கு என் முதல் பதில்: உட்கார்ந்திருப்பவர்கள் பேசுகிற பேச்சு என்கிறீர்கள். இந்தச் சட்டம் நின்றவர்கள் கேட்டு வந்தது.

2025 மே 6

ஒரு திருத்தம். 2021ல் வந்தது புதிது என்கிற மாதிரி எழுதிவிட்டேன். கோவையிலிருந்து பழைய மில் தொழிலாளி ஒருவர் எடுத்துச் சொன்னார். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன். நின்றபடி வேலை செய்கிற தொழிலாளிக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆலைக்குள் இருப்பவருக்கு 1948, கடைக்குள் இருக்கிற எங்களுக்கு 2021. ஒரே மாதிரி கால்தான், எழுபத்து மூன்று வருடம் வித்தியாசம்.

காரணம் எனக்குப் புரிகிறது. ஆலையில் சங்கம் இருந்தது. சென்னையில் 1918 ஏப்ரல் 27ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கினார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் பெரிய பெயர்கள். ஆனால் அதற்கு முதலில் ஓடியாடியவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். பெரம்பூர் மில் ஆட்களின் அன்றைய குறைகளில் ஒன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. நூறு வருடம் கழித்து அதே அரை மணி நேரத்தில் நான் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடியிருக்கிறேன்.

இன்னொன்றும் கிடைத்தது. இங்கிலாந்தில் 1899ல் கடைப் பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று கணக்கு. எங்கள் செக்‌ஷனில் பதினொரு பேர். அந்தக் கணக்குப்படி நாலு.

2025 மே 11

'சட்டம் வந்ததே, அப்புறம் ஏன் ஸ்டூல் முழுசாக வரவில்லை என்றீர்கள்?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

சட்டம் வந்த சில மாதத்தில் எங்கள் செக்‌ஷனுக்கு நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். யாராவது ஆய்வுக்கு வந்தால் காட்ட வேண்டுமே. ஒரு வாரத்தில் அதன் மேல் துணிக்கட்டு ஏறிவிட்டது. ஒன்றில் சாமி படத்துக்குப் பூ வைக்கிற தட்டு. யாராவது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஒன்றும் திட்டமாட்டார், பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். எழுந்துவிடுவோம். ஒரு பிள்ளை மட்டும் தைரியமாகக் கேட்டாள். 'உக்காந்துக்கிட்டு இருந்தா யாவாரம் நடக்குமாளா? கால் வலிக்குன்னா வீட்ல இருக்க வேண்டியதுதான' என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவரும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். அவருக்கு மேலே ஒருவர் கேமராவில் பார்க்கிறார்.

சட்டத்தின் வாசகத்தை நாலைந்து தடவை படித்தேன். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு வரும்போது உட்காரலாம் என்கிற பொருளில் இருக்கிறது. வாய்ப்பு வந்தது என்று யார் முடிவு செய்வது? கஸ்டமர் இல்லாத நேரமா? கஸ்டமர் இல்லாவிட்டால் சேலை மடி என்பார்கள். மடித்து முடித்தால் ரேக்கைத் துடை என்பார்கள். வாய்ப்பு என்று ஒன்று வரவே வராது. இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இத்தனை நிமிடம் என்று எண் போட்டிருந்தால் நாங்கள் கடிகாரத்தைக் காட்டியிருப்போம். நல்ல மனசோடு எழுதிய சட்டம்தான், நன்றி உண்டு. ஆனால் எழுதும்போது ஒரு சேலைக் கடைப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்த ஒரு எண்ணைச் சேர்த்திருப்பார்கள்.

2025 மே 11, கொஞ்சம் கழித்து

பெண்கள், பிள்ளைகள் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். சட்டம் ஆண், பெண் எல்லோருக்கும்தான். எங்கள் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு வயது அறுபத்து மூன்று. வெயிலில் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடி, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார். அவர் ஏஜென்சி ஆள், கடை ஆள் இல்லை என்பதால் ஸ்டூல் கணக்கில் வரமாட்டாராம். இதையெல்லாம் விட்டுவிட்டு நான் சேலை செக்‌ஷனை மட்டும் பேசியது தப்பு.

2025 மே 18

இலவச பஸ் பற்றிச் சண்டை வந்துவிட்டது. 'இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்' என்று எழுதியவருக்கு என் கணக்கு.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். எனக்கு அதற்கு முன் போக 13, வர 13. மாதம் 26 நாள். 676 ரூபாய். என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. அந்தப் பணம் என் பையனுக்கு பாலாகவும் முட்டையாகவும் மாறியது, பாதி மாத்திரைக்குப் போனது. பணத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. முன்னால் சம்பளம் பிடிக்கிறேன் என்று மிரட்டினால் பயந்து நிற்போம், ஏனென்றால் அடுத்த வேலை தேடி நாலு கடை ஏறி இறங்கக்கூட பஸ் காசு வேண்டும். இப்போது லீவு நாளில் போய் விசாரித்துவிட்டு வருகிறோம். எங்கள் கடையிலிருந்து அப்படி மூன்று பேர் நல்ல இடத்துக்குப் போனார்கள். அப்புறம்தான் மிச்சம் இருந்தவர்களுக்குச் சம்பளம் கொஞ்சம் ஏறியது.

முதலில் இதை நான் சலுகை என்றுதான் நினைத்தேன். வேண்டாத வேலையை விட்டுப் போக முடிகிற பலம் என்று பிறகுதான் தெரிந்தது.

2025 ஜூன் 8

பழைய நினைவு ஒன்று. விவாதத்துக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.

சின்ன வயதில் எங்கள் ஆச்சியோடு திருநெல்வேலி டவுனுக்கு, அத்தை கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனேன். அது பழைய ஜவுளிக்கடை. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தை மேல் ஏறி உட்கார வேண்டும். கடைக்காரரும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். முதலில் கலர் கேட்பார், சோடா வரும். சேலையைப் பிரித்து மெத்தை மேல் விசிறினால் சரிகை எங்கள் கால் வரைக்கும் வந்து விழும். ஆச்சி முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே அவர் மகள் பேறுகாலம் பற்றி விசாரிப்பாள். இரண்டு மணி நேரம், இரண்டு பக்கமும் உட்கார்ந்தபடியே வியாபாரம் நடந்தது.

உட்கார்ந்தால் யாவாரம் நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். நிற்கிற வழக்கம் நம் ஊர்ப் பழக்கமே இல்லை. கண்ணாடி ஷோரூமும் ஏசியும் வந்தபோது சேர்ந்து வந்தது. பழைய கடையில் குறைந்த கூலி, நேரங்காலம் இல்லாத வேலை, சாதி பார்த்து ஆள் எடுப்பது எல்லாம் இருந்தது, அதைப் புனிதமாக்க நான் வரவில்லை. அந்த மெத்தையை மட்டும் திருப்பிக் கேட்கிறேன்.

2025 ஜூன் 15

2023 ஏப்ரலை யாரும் பேசவில்லையே. நானே சொல்கிறேன்.

ஏப்ரல் 21ஆம் தேதி தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடுகிற திருத்தத்தைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள், 65-ஏ என்று. வாரம் 48 மணி நேரம் மாறாது, நாலு நாள் வேலை மூன்று நாள் லீவு என்று விளக்கம். ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. எல்லாச் சங்கங்களும் சேர்ந்து எழுந்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1ஆம் தேதி முதலமைச்சரே திரும்பப் பெற்றுவிட்டதாகச் சொன்னார். உட்கார உரிமை கொடுத்த அதே அரசுதான் இதையும் கொண்டுவந்தது, அதே அரசுதான் திருப்பி எடுத்தது. நடுவில் இருந்தது சங்கம்.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். நாங்கள் பன்னிரண்டு மணி நேரம் ஆறு நாள் பார்க்கிறோம். 1947 சட்டப்படி கடையிலும் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான். எங்களுக்காக யார் ரோட்டில் இறங்கினார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

இப்போது அந்தக் கோபத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அந்தத் திருத்தம் நின்றிருந்தால் பன்னிரண்டு என்பது ஊர் வழக்கமாகியிருக்கும். எங்கள் எட்டு மணி நேரம் காகிதத்தில் இருந்தும் அழிந்திருக்கும். காகிதத்தில் இருக்கிற வரைக்கும்தான் ஒருநாள் கேட்க முடியும்.

ஆனால் ஒரு பங்கை விடமாட்டேன். முற்போக்கு பேசுகிற தோழர்கள் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு. அது நாங்கள் சேலை உதறுகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்றால் ஞாயிறுதான் எங்களுக்கு யாவாரம் கூடுதல். செவ்வாய் காலை எட்டு மணிக்கு, கடைக்கு எதிர் டீக்கடையில் கால் மணி நேரம் வாருங்கள், பத்துப் பேர் நிற்போம். அப்படி ஒரே ஒரு அம்மா வந்தார், சங்கத்து ஆள். அவருக்கு வயது எழுபது இருக்கும். மூன்று செவ்வாய் வந்தார்.

2025 ஜூலை 10

நேற்று நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம், மத்திய அரசு கொண்டுவந்த நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிராக. எங்கள் கடை திறந்திருந்தது. நாங்கள் போனோம். போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும், நான் அதை மறைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024ல் 37 நாள் சம்பளம் இல்லாமல் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், பாதி கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லித்தான். அந்தப் பதிவு 2025 ஜனவரியில் வந்தது. 37 நாள் அந்த வீடுகளில் என்ன சமைத்திருப்பார்கள் என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

2025 ஆகஸ்ட் 24

செய்தி இருக்கிறது.

சங்கத்து அம்மா சொன்னபடி நாங்கள் பதினொரு பேரும் ஒரு நோட்டில் முறை எழுதினோம். ஒரு நேரத்துக்கு நாலு பேர், பதினைந்து நிமிடம், கஸ்டமர் வந்தால் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். ஆடி ஆஃபர் முடிந்து கூட்டம் குறைந்த திங்கட்கிழமை தொடங்கினோம். ஸ்டூல் மேல் இருந்த துணிக்கட்டை நாங்களே எடுத்து ரேக்கில் அடுக்கினோம். சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை யாரும் எழவில்லை. ஒருத்தி மட்டும் பாதி எழுந்து, பக்கத்தில் இருந்தவள் பாவாடையைப் பிடித்து இழுத்ததும் உட்கார்ந்துவிட்டாள். 'என்ன இது?' என்றார். கடைசி கவுன்டர் பிள்ளை, இருபத்தொரு வயது, போனில் அந்த 22-ஏ செய்தியை எடுத்துக் காட்டி, 'சார், சட்டத்துல இருக்கு. பதினொரு பேரும் சேர்ந்துதான் எழுதியிருக்கோம்' என்றாள். குரல் நடுங்கியது. அவர் போனை வாங்கிப் படித்தார், கேமராவைப் பார்த்தார், போய்விட்டார். மேலேயிருந்து இன்டர்காம் வரவில்லை.

மே மாதம் சட்டம் பாதிதான் வந்தது என்று எழுதினேன். சட்டம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை எதைக் காட்டியிருப்பாள்? பதினொரு பேர் இல்லாவிட்டால் எப்படிக் காட்டியிருப்பாள்? இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டது என் அவசரம்.

ஒரு வயசான அம்மா அன்றைக்குச் சுங்குடி பார்க்க வந்தார். நான் எழுந்தேன். 'இரு தாயி, உக்காந்தே எடுத்துப் போடு, நானும் உக்காருதேன்' என்றார். ஆறு சேலை உட்கார்ந்தே காட்டினேன். மூன்று எடுத்தார்.

2025 செப்டம்பர் 14

கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரவு ஒன்பதேகாலுக்கு வந்து முப்பது சேலையைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். மூடிய பிறகு மடிக்கிறவர்கள் நாங்கள், கடைசி பஸ் போய்விடும். நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் 'உட்கார்ந்துக்கோம்மா' என்று சூப்பர்வைசர் காதில் விழச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்காததைக் கஸ்டமர் சொன்னால் கேட்பார்கள்.

2025 அக்டோபர் 9

தீபாவளி கூட்டம். ஸ்டூல் நாலையும் குடோனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இடம் வேண்டுமாம். பதினொரு மணி நேரம் நின்றேன். வேறெதுவும் எழுத முடியவில்லை.

2025 அக்டோபர் 23

தீபாவளி முடிந்தது. இன்று காலை கடை திறந்ததும் நான்கு பேர் குடோனுக்குப் போனோம், யாரிடமும் கேட்கவில்லை. பட்டாசு அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. மூன்று நன்றாக இருக்கிறது, ஒன்றுக்குக் கால் முறிந்துவிட்டது. நன்றாக இருந்ததில் ஒன்றை வாசலில் வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றார், வைத்துவிட்டு வந்துவிட்டோம். மத்தியானம் எட்டிப் பார்த்தபோது கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு இரண்டு. நோட்டில் முறையை மாற்றி எழுதியிருக்கிறோம். இன்னும் மூன்று ஸ்டூல் கேட்டு ஒரு மனு, அதில் பத்துப் பேர் கையெழுத்து ஆகிவிட்டது. பதினொன்றாவது பிள்ளை பேறுகால லீவு, வீட்டுக்கே போய் வாங்கிவருகிறேன் என்று கடைசி கவுன்டர் பிள்ளை கிளம்பியிருக்கிறாள்.